மூன்று நாட்டுப் பரீட்சையும் என் வலது கையும்

பி.எஃப். பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கூப்பிட்டதால், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொக்லைன் பயிற்சி யார்டுக்குப் போயிருந்தேன். ஆபீஸ் வேலை பார்க்கிற ஜெனிஃபர் ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே வரிசையாக நாடுகளின் பேர், பக்கத்தில் கேள்விகள். பொக்லைன் ஓட்டுகிறவனுக்கு எந்த நாட்டில் என்ன பரீட்சை, எழுத்துப் பரீட்சை உண்டா, ஒரு நாட்டுச் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்லுமா, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குக் கையேடு அச்சடிக்கப் போகிறார்களாம். காண்ட்ராக்டர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார்களாம்.

"அஞ்சலம்மா, நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. நான் எழுதிகினு இருக்கறதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்தது. நீங்கதான் எல்லா நாட்டு டெஸ்ட்டயும் கூட நின்னு பாத்தவங்க."

"நான் அஞ்சாவதும்மா."

"அதனால இன்னா? உங்க அனுபவத்த எழுதுங்க. மிஸ்டேக் இருந்தா நான் பாத்துக்கறேன்."

யாராவது கேட்டால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் கொடுத்த நோட்டை வாங்கிக்கொண்டு கருணாபுரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபது நாள் அது அலமாரியில் கிடந்தது. எடுத்து எழுத உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது, கண் கலங்குகிறது, எழுதுகிறதை விடப் படுக்கலாம் என்று இருக்கிறது. அப்படியும் எழுதிவிட்டேன்.

நான் வேலைக்குப் போனது கல்வராயன் மலையில். வெள்ளிமலைப் பக்கம் ரோடு போட்டபோது ஜல்லி சுமந்தேன். ஒரு வளைவில் பொக்லைன் பின்னால் வரும்போது தார் டிரம்மை இடித்துவிட்டது. ஆள் இருந்திருந்தால் ஆள் போயிருப்பான். அதற்குப் பிறகு வளைவில் சிவப்புத் துணியோடு ஒருவரை நிறுத்தினார்கள். நிறுத்தின ஆம்பளைகள் எல்லாம் பீடி பிடிக்கப் போய்விட்டார்கள். மேஸ்திரி துணியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"நீதான் வாயும் தொறக்க மாட்ட, நின்ன எடத்த வுட்டு நவுரவும் மாட்ட. மரம் மாதிரி நிப்ப. இந்தா, புடி."

அவ்வளவுதான் என் பயிற்சி. ஏழெட்டு வருஷம் அப்படியே நின்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து ஆட்டினால் இறக்கு, மேலே பார்த்தால் தூக்கு, கையை மூடினால் நிறுத்து. வண்டிக்காரர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்த மலை வேலையில்தான் கொளஞ்சி எனக்குப் பழக்கம். வடக்கனந்தல் பையன். பொக்லைனில் கிளீனராக வந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, இருபது வயதுக்குள் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். பக்கெட் பல்லால் தரையில் கிடக்கிற தண்ணீர் பாட்டிலைச் சாயாமல் தள்ளுவான். என்னைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"யக்கா, கையத் தூக்குக்கா! சோத்து மேல ஈ ஓட்டற மாதிரி ஆட்டிகினு இருந்தா எனக்கு இன்னான்னு தெரியும்?"

எனக்குக் கை தோளுக்கு மேல் போகாது. அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் கூச்சம். ஆனால் கிண்டல் பண்ணினானே தவிர, என் கை கொஞ்சம் ஆடினாலும் அவன் கண்ணுக்குப் பட்டுவிடும். நான் அவன் முகத்தைப் பார்ப்பேன், அவன் என் முகத்தைப் பார்ப்பான், வண்டி நகரும். அத்தனை வருஷத்தில் நானும் அவனும் சேர்ந்து செய்த வேலையில் ஒரு கல் கூடத் தப்பான பக்கம் உருண்டதில்லை.

அந்தோணிசாமி சார் எங்களைப் பார்த்ததும் அங்கேதான். திருநாவலூர்ப் பக்கத்துக்காரர். மூன்று நாட்டில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இந்த யார்டை ஆரம்பிக்கிற வேலையில் இருந்தார். ஆள் தேடி மலைக்கு வந்தவர் ஒரு நாள் முழுக்க வளைவில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "ஏம்மா, நம்ம யார்டுக்கு வர்றீங்களா? இதே வேலதான். நிழல் இருக்கும்," என்றார். வந்துவிட்டேன். ரிஜிஸ்டரில் துப்புரவு என்று போட்டார்கள். காலையில் பெருக்குவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன். மற்ற நேரமெல்லாம் குழி ஓரத்தில் கை காட்டுவேன். இருபத்திரண்டு வருஷம்.

அந்தோணிசாமி சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் மூன்று நாட்டு அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார். காலையில் வந்ததும் வண்டியை இடப்பக்கமாக ஆரம்பித்து ஒரு சுற்று வருவார். செயினைத் தொடுவார், குனிந்து ஆயில் சொட்டுகிறதா என்று பார்ப்பார், பக்கெட் பின்னை விரலால் தட்டுவார். யாரும் பார்க்கவில்லை என்றாலும் அதைச் செய்வார். பையன் எவனாவது தப்பாக ஓட்டினால் வண்டியில் ஏறி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். ஒரு வார்த்தை இருக்காது. சாவியைக் கையில் வாங்கினவன் அன்றைக்கு முழுக்க வண்டியில் ஏறக்கூடாது, மற்றவன் ஓட்டுவதைப் பார்க்கவேண்டும். திட்டு வாங்கியிருந்தால் மறந்துவிடுவார்கள். அந்தச் சாவியை எவனும் மறந்து நான் பார்த்ததில்லை.

ஜெனிஃபரின் கட்டத்தில் நிறைய நாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்தது எங்கள் யார்டுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் வைத்த பரீட்சை மட்டும்தான். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்ல முடியும்.

நம் ஊர் லைசென்ஸ் ரோட்டுக்கானது. வண்டியை ரோட்டில் ஓட்டத் தெரியுமா என்று பார்ப்பது. பள்ளம் தோண்டுகிற வேலைக்கு அது போதாது என்பதால்தான் பையன்கள் யார்டுக்கு வந்தார்கள்.

வளைகுடா கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் கையில் வாட்சோடு வருவார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, இத்தனை நிமிஷத்தில் இத்தனை நீளம் தோண்டு என்பார்கள். பள்ளத்தின் அடி மட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைப்பார்கள். வேகமும் மட்டமும் சரியாக இருந்தால் பாஸ். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதில் சுலபமாகத் தேறிவிடுவார்கள்.

இங்கிலாந்து முறை என்று ஒன்று வந்தது. அதில் தோண்டுவது கம்மி, கேள்வி ஜாஸ்தி. வண்டியில் ஏறுமுன் என்ன பார்ப்பாய், கரண்ட் கம்பி மேலே போனால் எவ்வளவு தூரம் விடுவாய். அதில் ஒரு கேள்வியில் எங்கள் ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். எந்த வேலையை நீ செய்ய முடியாது என்று சொல்வாய்? கேள்வியைத் தமிழில் சொன்னதும் சின்னசேலத்துப் பையன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "முடியாதுன்னு சொன்ன பேச்சே இல்ல சார். எந்த வேல குடுத்தாலும் செய்வேன்," என்றான். ஃபெயில். வெளியே வந்து, "இன்னா சார் இது, வேல செய்ய மாட்டேன்னு சொன்னாத்தான் வேல குடுப்பாங்களா?" என்று கேட்டான். அந்தோணிசாமி சார் சிரிக்காமல், "ஆமாம்பா. அங்க அப்டித்தான்," என்றார்.

மூன்றாவது சிங்கப்பூர் கம்பெனிக்காக வந்த பரீட்சை. கொளஞ்சி எழுதினது அதைத்தான்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிள்ளை கிடையாது. என் தங்கச்சி மகள் செல்வியை நான்தான் வளர்த்தேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கொளஞ்சியைச் சொன்னதே நான்தான். குடிக்காதவன், கையில் தொழில் இருக்கிறவன், என் கண்ணெதிரே வளர்ந்தவன். அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினதும் நான்தான். கல்யாணம் நன்றாக நடந்தது. மறுவீட்டுக்கு வந்தபோது பார்த்தால், என்னை யக்கா யக்கா என்று கூப்பிட்டுக் கிண்டல் பண்ணின பிள்ளை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறது. நானும் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். மாமியார் முறை வந்துவிட்டது. எங்கள் பக்கம் மாமியார் மருமகன் முன்னால் நிற்கமாட்டாள், அவர் முகம் பார்த்துப் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், மகள் அவரிடம் சொல்வாள். அவரும் அப்படித்தான். அன்றிலிருந்து அவன் எனக்கு அவர் ஆகிவிட்டார். ஆறு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதில் எங்களுக்குக் குறையும் இல்லை. மரியாதை என்றுதான் இருந்தோம்.

அவர் மலையில் ஓட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் யார்டுக்கு வந்து ஒரு மாதம் பயிற்சி எடுத்தார். அந்தக் கம்பெனி நாற்பது வயதுக்கு மேல் எடுக்காது. அவருக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. அந்தத் தடவை விட்டால் இல்லை. அது எனக்குத் தெரியும், யார்டில் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியில் அவருக்கு ஏழுமலைதான் கை காட்டினான். ஏழுமலை இன்னொரு சிக்னல் ஆள். நான் வேறு குழிக்குப் போய்விடுவேன். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதுவாக அமைந்தது.

பரீட்சை அன்று காலையில் ஏழுமலைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது.

அந்தோணிசாமி சார் கை காட்டலாம் என்றால், பயிற்சி கொடுத்தவர் பரீட்சையில் கை காட்டக்கூடாது என்று விதி. பரீட்சை எழுதுகிறவர்களும் ஒருவருக்கொருவர் காட்டக்கூடாது. நான்தான் இருந்தேன். அப்போதே சாரிடம் போய், இவர் எனக்கு மருமகன் முறை, நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். பரீட்சை வைக்க வந்தவர் வெள்ளைத் தொப்பியோடு சாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேற்று ஆள் நிற்கும்போது போய்ப் பேசக் கூச்சமாக இருந்தது. அவர் கீழே உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் உட்காரவே இல்லை.

பரீட்சைக்காரர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். விதியைப் பொறுமையாகச் சொன்னார். வண்டி நகருமுன் ஆப்பரேட்டர் சிக்னல் கொடுப்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். சிக்னல் கொடுப்பவரும் பார்க்கவேண்டும். வேலை முடிகிறவரை அந்தப் பார்வை விடக்கூடாது. பக்கெட் கொக்கியில் பெல்ட் போட்டு ஒரு சிமெண்ட் பைப்பைத் தூக்கி, குழி ஓரத்தில் இரண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் இறக்கவேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்த முளைக்குச்சி ஒன்றை அடித்திருந்தார்கள். அந்தக் குச்சி ஓர் ஆள் என்று கணக்கு.

முதல் மூன்று பேருக்குக் கை காட்டினேன். முடிந்தது. நாலாவது என் மருமகன்.

சுற்றி வந்து வண்டியைப் பார்த்தார், ஏறினார். தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். நானும் வண்டியின் செயினைப் பார்த்தபடி கை காட்டினேன். பைப் எழும்பியது, திரும்பியது, இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் பூ வைத்த மாதிரி உட்கார்ந்தது. வேடிக்கை பார்த்த பையன்கள் கைதட்டினார்கள். பரீட்சைக்காரர் மட்டும் எழுதாமல் நின்றார்.

"பைப்ப அழகா வெச்சீங்க. ஆனா அம்மா முகத்த ஒரு தடவை கூடப் பாக்கலயே. எதப் பாத்து ஓட்டினீங்க?"

"கால சார்."

"காலா?"

"அவங்க கால் நிக்கற நெலயிலயே எனக்குத் தெரியும் சார். மலையில பழகனது."

பின்னால் வரிசையில் நின்றவன் ஒருவன், "மாமியார் கால்ல வுழுந்து சிங்கப்பூர் போவப் பாக்கறாருடா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணிசாமி சார் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். சார் அப்போதுதான் முறையைப் பற்றிப் பரீட்சைக்காரருக்கு எடுத்துச் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது.

"புரியுது. எங்கம்மாவும் அக்கா வீட்டுக்காரர் வந்தா உள்ள போயிடுவாங்க. ஆனா அங்க இவருக்குக் கை காட்டுறவன் பங்களாதேஷ்காரனா இருப்பான், சீனனா இருப்பான். அவன் கால் எப்படி நிக்கும்னு இவருக்குத் தெரியாது. மூஞ்சியப் பாத்தாத்தான் ரெண்டு பேரும் உசுரோட வீட்டுக்குப் போவாங்க. மதியம் இன்னொரு தடவை வாய்ப்புத் தர்றேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

சாப்பாட்டு நேரம். செல்வி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அவர் பிரிக்கவே இல்லை. அந்தோணிசாமி சார் அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் எதிரில் நின்றார்.

"என்னப் பாரு. கண்ண எடுக்காத. நான் யாரு?"

"சாரு."

"இல்ல. நான் சிக்னல். யாரு?"

"சிக்னல் சார்."

"மறுபடியும் பாரு."

அரைமணி நேரம் அப்படியே பழக்கினார். நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து தட்டைக் கழுவியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் பழக்கவில்லை. என்னையும் பழக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பரீட்சை அவருக்குத்தானே என்று இருந்தேன்.

மதியம் கடைசி ஆளாக அவரைக் கூப்பிட்டார்கள். பரீட்சைக்காரர் இந்தத் தடவை வண்டிக்கு வெகு பக்கத்தில் போய் நின்று, கண்ணாடி வழியாக அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணிசாமி சாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த பையன்களும் அவரைத்தான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது கொளஞ்சி ஒருவர்தான்.

நேராகப் பார்த்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு. தலை நிமிர்ந்திருந்தது, கண் இமைக்கவில்லை. நான் தலையசைத்தேன். பைப் எழும்பியது. கூடவே அந்தப் பார்வையும் வந்துகொண்டிருந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. கோட்டுப் பக்கம் பைப் வந்ததும் வலது உள்ளங்கையைக் கீழே வைத்து மெதுவாக இறக்கு என்று காட்டிக்கொண்டிருந்தேன். கையை மூடவேண்டிய இடம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் இடது கை முந்தானையை இழுத்துத் தோளை மூடியது. முகம் தானாகப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. வலது கை மூடவில்லை. இறக்கு இறக்கு என்று ஆடிக்கொண்டே இருந்தது. அவர் என் கையை நம்பி இறக்கினார்.

வண்டியின் கை இறங்க இறங்க முன்னால் நீண்டு, பைப் கோட்டைத் தாண்டி முளைக்குச்சி மேல் உட்கார்ந்தது. குச்சி உடைகிற சத்தம் பெரிய சத்தம் கூட இல்லை.

பரீட்சைக்காரர் விசில் ஊதினார். என் பக்கம் வந்தார்.

"அம்மா, ஸ்டாப் குடுத்தீங்களா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பயத்தில் தலை தன்னால் ஆடியது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். தன்னால் ஆடவில்லை. ஆட்டினேன்.

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

கொளஞ்சி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாத்தேன் சார். நான்தான் நிறுத்தல."

அவ்வளவுதான். சிக்னலுக்கு நிற்கவில்லை என்று எழுதினார்கள். மற்ற எதில் விழுந்தாலும் கொஞ்ச நாள் கழித்து எழுதலாம். அதில் விழுந்தால் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும். ஒரு வருஷத்தில் அவருக்கு வயது தாண்டிவிடும்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் அந்தோணிசாமி சார் அந்த வண்டியின் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஆபீஸில் மாட்டத்தான் கொடுத்தாரா, எனக்காகக் கொடுத்தாரா என்று அப்போது கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

சிங்கப்பூர் வாய்ப்பு கைவிட்டுப் போனதோடு முடிந்திருந்தால் கூட நான் இதை மனதிலேயே வைத்துக்கொண்டு செத்திருப்பேன். வேறு நாட்டுக்கு எழுதலாமே என்று ஏஜெண்ட் சொன்னான். ஒரு நாட்டில் தேறினது இன்னொரு நாட்டில் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. ஆனால் ஒரு நாட்டில் விழுந்தது மட்டும் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு வரிசையில் நின்ற பையன்கள் நாலு பக்கமும் வேலைக்குப் போனார்கள். சிக்னல் பாக்காத கொளஞ்சி என்று பேர் வந்துவிட்டது. காண்ட்ராக்டர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ரோடு வேலை, கட்டட வேலை, பக்கத்தில் ஆள் நிற்கிற வேலை எதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லை. ஏரி தூர் வாரவும் குட்டை வெட்டவும் கூப்பிடுவார்கள். சுற்றி ஓர் ஆள் இருக்காது. பதினோரு வருஷமாக அவர் தனியாகத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார். செல்வி என்னிடம் ஒரு தடவை கேட்டாள், "ஏன்மா, உன் மருமவன் உன் கைக்குக் கூடவா நிறுத்தல?" என்று. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சிக்னல் கொடுக்கிறவருக்கும் தனியாகப் பரீட்சை, தனி அட்டை உண்டு என்று ஜெனிஃபரின் கட்டத்தில் பார்த்தேன். எந்தெந்த நாட்டில் என்று டிக் அடித்திருக்கிறாள். என் காலத்தில் எங்கள் யார்டில் அது இல்லை. இருந்திருந்தால் நான் அன்றைக்குக் காலையிலேயே ஃபெயில் ஆகி, குழிப் பக்கமே வந்திருக்கமாட்டேன். சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கை காட்டுகிறவர் உங்களுக்கு உறவா என்று முதலில் கேளுங்கள். கூச்சப்படுகிற ஆளா என்றும் கேளுங்கள். எந்த நாட்டுப் பரீட்சையிலும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

எழுதி முடித்ததும் ஜெனிஃபரிடம் கொடுக்கவில்லை. மருமகனைப் பற்றி அவருக்குத் தெரியாமல் அச்சில் வரக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வடக்கனந்தல் போனேன். அவர் வீட்டுக்குள்ளே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வண்டிக்குக் கிரீஸ் அடிக்கிற கிரீஸ் கன்னைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தேன். செல்வி நடுவில். ஒன்று படித்துக் காட்டவேண்டும் என்றேன். படித்தேன்.

முதலில் கொளஞ்சி என்று நான் எழுதவில்லை. மருமகன் பேரை மாமியார் வாயால் சொல்கிற வழக்கம் இல்லை, எழுதவும் கை வரவில்லை. முருகன் என்று போட்டிருந்தேன். ஊர் பேரும் போடவில்லை. இடது கை முந்தானைக்குப் போன இடம் வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். தலையை ஆட்டினதையும் படித்தேன். செல்வி என்னையே பார்த்தாள், பிறகு அவர் முதுகைப் பார்த்தாள்.

"அப்டியா அது?" என்று அவரைக் கேட்டாள். "தெரிஞ்சிகினேவா இத்தினி வருசமா கம்முனு இருந்த?"

அவர் கிரீஸ் கன்னின் மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடியும் திருகினார்.

"அத்தகிட்ட கேளு," என்றார் கடைசியில். "யாரு அந்த முருகன்?"

செல்வி என்னைப் பார்த்தாள்.

"எம் பேரப் போடச் சொல்லு. வடக்கனந்தல்னு ஊரயும் போடச் சொல்லு. காண்ட்ராக்டருங்க கைக்கெல்லாம் போவுதாமே அந்த புக்கு."

"போட்டா அம்மா பேரு கெட்டுப்பூடும், பரவால்லயா?"

"அவங்க பேரப் போட்டுக்கினுதான எழுதிகிறாங்க."

செல்வி தன் மகனின் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தாள். படியிலேயே உட்கார்ந்து, முருகன் என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து மேலே கொளஞ்சி என்று எழுதினேன். நேரம் ஆனது. அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்து நோட்டை மூடப்போனேன்.

"அந்தப் பைப்பு எறக்கற எடம் மட்டும் இன்னொரு தபா படிக்கச் சொல்லு," என்றார்.

நோட்டைத் திருப்பி, அவர் பேரைச் சொல்லி, சத்தமாகப் படித்தேன்.